முழங்கால் அளவு

எண்பத்தெட்டாவது நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று.
ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் கிழக்குக் கோட்டில் நான்,
கையில் கொடி,
பூட்ஸின் ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

முதுகுக்குப் பின்னால், மூங்கில் கட்டிய கயிற்றுக்கு அப்பால்
இரண்டு பல்கலைக்கழகங்கள்
தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தன.
நெல்லைப் பையன்கள் மூன்று பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.
"ஆத்துல தண்ணி இருக்கா? ஆத்துல தண்ணி இருக்கா?"
தகர டப்பாவில் தாளம்.
எங்கள் பக்கத்தில் ஒருவன்
வாழையிலைப் பொட்டலத்தைக் குச்சியில் கட்டி ஆட்டினான்,
'உங்க ஊரு அல்வா' என்று.
உள்ளே ஈர மண்.

எங்கள் பக்கம் என்றா சொன்னேன்?
சொல்லிவிட்டேன், கிடக்கட்டும்.
தொண்ணூற்றாறில் இதே மெரூன் பனியனோடு
கம்பத்துக்கு நடுவில் நின்று
இதே நெல்லையிடம் நாலு வாங்கியவன்.
படிவத்தில் அதைக் கேட்கவில்லை.
கேட்டது வங்கிக் கணக்கு எண்ணும்
சட்டை அளவும்.

சோணைமுத்து ஓடினான்.
மேலூர்ப் பக்கத்துப் பையன்,
இடது குதிகாலில் பிளாஸ்திரி பாதி பிரிந்து
கூடவே ஓடியது.
நடுவிலிருந்து பந்து கிளம்பியது.
நெல்லையின் கடைசி ஆள் இன்னாசி
கையைத் தூக்கியபடியே திரும்பினான்.
வலை வீங்கியது.
மைதானத்துத் தூசி மொத்தமும் எழுந்து நின்றது.

என் கொடி மேலே இருந்தது.

ஒரு முழங்கால். ஒரு முழங்கால் அளவு முன்னே நின்றான்.
பார்த்தேன்.

தண்ணீர் பாக்கெட் ஒன்று பிடரியில் உடைந்தது.
கூட்டத்தில் என் மச்சினன் வைரவன்
என் தாயை,
அதாவது அவனுடைய சொந்த அத்தையை,
நாலு தலைமுறைக்கும் சேர்த்து வைதான்.
போன பொங்கலுக்கு அவன் எடுத்துக் கொடுத்த பனியன்தான்
உள்ளே நனைந்துகொண்டிருந்தது.

பெனால்டியில் நெல்லை நாலு, மதுரை மூன்று.

சட்டையை மாற்றிக்கொண்டு
கொடியைத் தினத்தாளில் சுற்றிக்கொண்டு
கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.
உள்ளே ஏற்கெனவே மூன்று மெரூன்.
மடியில் மடி இடிக்க உட்கார்ந்தேன்.
பாலத்தில் ஏறும்போது ஒருவன் போனை நீட்டினான்.
"நீங்களே சொல்லுங்கண்ணே. லெவல்லதானே இருக்கான்?
அந்தக் கொடிக்காரன் எவ்வளவு வாங்கினானோ."
அறுநூறு. சாப்பாடு தனி.
சொல்லவில்லை.

விரலால் தள்ளித் தள்ளி நிறுத்தினான்.
சோணைமுத்துவின் முழங்கால்
ஒரு பழுப்புக் கறை. இன்னாசியின் இடுப்பு
இன்னொரு கறை.
எது முன்னே, எது பின்னே,
அந்த ஆண்டவனுக்கும் தெரியாது.
தெளிவாய் விழுந்திருந்தது ஒன்றுதான்:
ஓரத்தில் ஒரு கை.
பந்து இன்னும் நடு ஆட்டக்காரனின் காலில் இருக்கிறது,
கை அதற்குள் பாதி ஏறிவிட்டது.

"இன்னொரு தடவை ஓட்டு தம்பி" என்றேன்.
ஓட்டினான்.
மறுபடியும் ஏறியது.

மெரூனுக்குச் சாதகம் செய்துவிடக் கூடாது என்று
காலையில் பல் தேய்க்கும்போது நினைத்தேன்.
பஸ்ஸில் நினைத்தேன்.
இடைவேளையில் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு
நினைத்தேன்.
அந்த நினைப்புதான் பந்துக்கு முன்னால் ஓடியதோ என்னவோ.
இல்லை, முழங்காலைப் பார்த்தேன்.
பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியார் நிலையத்தில் ஆட்டோ குலுங்கியது.
தினத்தாள் சுருட்டு அவன் தொடையில் குத்தியது.
"என்னண்ணே இது, தூண்டிலா?"
"ஆமாப்பா."
"மீன் கெடச்சுச்சா?"

வாய் முந்திக்கொண்டது.
"வைகையில தண்ணி எங்கப்பா இருக்கு?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.
போன் திரை அணைந்தது.
"அண்ணே," என்றான் மெதுவாக,
"நீங்க நெல்லையா?"

நான் இறங்க வேண்டியது காளவாசல்.
அரசரடியிலேயே இறங்கிவிட்டேன்.
சில்லறை வாங்கவில்லை.